பழைய வண்டிக்குப் புதிய எஞ்சின்: டிரான்ஸ்பர் கேஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தச் சிக்கல் வந்து சேரும். வண்டியின் உடம்பு நன்றாக இருக்கும். சேசி துருப்பிடிக்காமல் இருக்கும். எஞ்சின் மட்டும் உழைத்து ஓய்ந்திருக்கும். "வேறொரு டீசல் எஞ்சினை ஏற்றிவிடலாம்" என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். அது நல்ல யோசனைதான். பிறகு பேச்செல்லாம் எஞ்சினைப் பற்றியே நடக்கும். எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு எண்ணெய் குடிக்கும், என்ன விலை என்று பேசுவார்கள். கியர் பாக்ஸைப் பற்றியும் கொஞ்சம் பேசுவார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "கிடைத்ததைப் போடுவோம்" என்று முடித்துவிடுவார்கள்.

எஞ்சின் மாற்றிய வண்டி நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் இந்தப் பெட்டியைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே எஞ்சினிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகாமல், சக்கரத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவதே சரியான வழி. இன்றைய உரையில் அதைத்தான் விளக்கப் போகிறோம். பொதுப்படப் பேசினால் மனத்தில் நிற்காது என்பதால், ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் நம்மவர்கள் நன்கறிந்த பழைய லேண்ட் ரோவர்தான் அது. தாளும் பென்சிலும் கையருகே இருந்தால் நல்லது. கணக்கு கொஞ்சம் உண்டு. பெருக்கத் தெரிந்தால் போதும்.

டிரான்ஸ்பர் கேஸ் செய்யும் வேலைகள்

கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டியின் முதல் வேலை.

இரண்டாவது வேலை, ஹை, லோ என்ற இரண்டு நிலைகளைத் தருவது. ஹை நிலை தார்ச்சாலைக்கு. லோ நிலை செங்குத்தான ஏற்ற இறக்கங்களுக்கும் சேற்றுக்கும். கியர் பாக்ஸில் நான்கு கியர் இருந்தால், இந்தப் பெட்டி அதை எட்டாக்கிவிடுகிறது.

மூன்றாவது வேலை, சுழற்சியைக் கீழே இறக்கி ஒரு பக்கமாக ஒதுக்குவது. எஞ்சின் வண்டியின் நடுவில் உயரமாக இருக்கிறது. முன் அச்சின் டிபரென்ஷியலோ தாழ்வாக, ஒரு பக்கமாக இருக்கிறது. இடையில் நின்று இரண்டையும் இணைப்பது இந்தப் பெட்டியே.

நான்காவது வேலை ஒன்றும் உண்டு. லேண்ட் ரோவரில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், பின் புரொப்பல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மில் இருக்கிறது. இதை மறந்துவிடுவதால் வரும் அபாயத்தைப் பிறகு சொல்வோம்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வண்டி

லேண்ட் ரோவர் முதன்முதலாக 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இலைச்சுருள் எனப்படும் பட்டை ஸ்பிரிங் வைத்த அந்த வகை, சீரீஸ் 1, 2, 2ஏ, 3 என்று பெயர் மாறி மாறி 1985 வரையில் உற்பத்தியானது. நாம் எடுத்துக்கொள்வது 1971இல் தொடங்கிய சீரீஸ் 3 வண்டி. அதன் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 70 குதிரைத் திறன் தருவது. முறுக்கு விசை சுமார் 163 நியூட்டன் மீட்டர்.

அதன் இடத்தில் பலரும் ஏற்ற விரும்புவது 200 டி.டி.ஐ. என்ற 2.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின். இது 1989இல் டிஸ்கவரி வண்டியோடு வந்தது. 1994 வரை போடப்பட்டது. டிஸ்கவரியில் இதன் முறுக்கு விசை, நிமிடத்துக்கு 1,800 சுற்றில், 265 நியூட்டன் மீட்டர். பழைய எஞ்சினைவிட இது ஒன்றரை மடங்குக்கும் மேல். இந்த ஒன்றரை மடங்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் நம் கேள்வி.

முதற்கணக்கு: தார்ச்சாலையில் ஓட்டம்

சீரீஸ் 3 வண்டியின் நான்காவது கியர் 1-க்கு 1. டிரான்ஸ்பர் கேஸின் ஹை விகிதம் 1.148. அச்சின் விகிதம் 4.7. இவற்றைப் பெருக்கினால் 5.4 வரும். அதாவது எஞ்சின் 5.4 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 7.50-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.5 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 533 முறை சுற்றும். அப்போது எஞ்சின் ஏறத்தாழ 2,880 சுற்று சுற்ற வேண்டும். அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு அது பொருந்தியது. 1,800 சுற்றிலேயே முழு இழுவிசையைத் தரும் டீசல் எஞ்சினுக்கு அது வீண் ஓட்டம். இரைச்சலும் எண்ணெய்ச் செலவும்தான் மிச்சம்.

ஆகவே இந்த 5.4 என்ற எண்ணைக் குறைக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்புறம் ஓவர்டிரைவ் என்ற துணைப் பெட்டியைப் பூட்டுவது. பேரி ஓவர்டிரைவின் விகிதம் 0.782. அதைச் சேர்த்தால் 5.4 என்பது 4.2 ஆகிறது.

இரண்டாவது வழி, பழைய பெட்டியை வைத்துக்கொண்டு அச்சுகளின் விகிதத்தை 4.7-லிருந்து 3.54 ஆக மாற்றுவது. பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிபரென்ஷியல், சீரீஸ் வண்டியின் ரோவர் வகை அச்சில் பொருந்தும். அப்போது 1.148-ஐ 3.54-ஆல் பெருக்க, 4.06 கிடைக்கும். மணிக்கு 80-இல் எஞ்சின் சுமார் 2,170 சுற்று. முன் அச்சையும் பின் அச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று 4.7, மற்றொன்று 3.54 என்று விட்டுவிட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்தால், ஏதாவது ஒன்று உடைந்தே தீரும்.

மூன்றாவது வழி, டிஸ்கவரியின் ஐந்து கியர் பாக்ஸையும் அதோடு வரும் எல்.டி. 230 என்ற டிரான்ஸ்பர் கேஸையும் எஞ்சினுடன் சேர்த்தே கொண்டுவந்துவிடுவது. டிஸ்கவரியில் அந்தப் பெட்டியின் ஹை விகிதம் 1.222. ஐந்தாவது கியர் 0.77. பழைய 4.7 அச்சுகளை வைத்துக்கொண்டால் மொத்தம் 4.42, எஞ்சின் சுமார் 2,360 சுற்று.

ஆக, மூன்று வழியிலும் தார்ச்சாலை ஓட்டம் சீராகிவிடுகிறது. பலர் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்று வழிகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்த கணக்கைப் போட்டால்தான் அவை எவ்வளவு வேறுபட்டவை என்பது புலப்படும்.

இரண்டாம் கணக்கு: லோ நிலையில் விசை

பழைய சீரீஸ் 3 வண்டியில் முதல் கியர் 3.68, டிரான்ஸ்பர் கேஸின் லோ 2.35, அச்சு 4.7. மூன்றையும் பெருக்க, ஏறத்தாழ 40.6. எஞ்சினின் 163 நியூட்டன் மீட்டர், அச்சுக்கு வந்து சேரும்போது சுமார் 6,600 ஆகிறது. உராய்வில் கழிவதை இங்கே விட்டுவிடுகிறோம். ஒப்பிடுவதற்கு இது போதும்.

இனி இரண்டாவது வழியைப் பாருங்கள். அச்சு 3.54 ஆனதால் லோ நிலையில் மொத்த விகிதம் 30.6 ஆகக் குறைகிறது. எஞ்சினின் 265-ஐ அதனால் பெருக்க, சுமார் 8,100. பழையதைவிடக் கால் பங்குகூட அதிகமில்லை. அச்சுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் இறக்கத்தில் வேறொரு நட்டம் உண்டு. எஞ்சின் 1,500 சுற்றில் இருக்கும்போது, பழைய வண்டி லோ முதல் கியரில் மணிக்கு 5.5 கிலோ மீட்டரில் இறங்கும். இந்த வண்டி 7.3 கிலோ மீட்டரில் இறங்கும். பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றலாம். மழையில் நனைந்த மண் சரிவில், முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் பிடித்து வைத்திருந்த வேலையில் ஒரு பகுதியைக் கால் பிரேக் செய்ய வேண்டிவரும்.

மூன்றாவது வழி நேர்மாறானது. டிஸ்கவரி கியர் பாக்ஸின் முதல் கியர் 3.69. எல்.டி. 230 பெட்டியின் லோ 3.32. அச்சு பழைய 4.7. பெருக்கினால் 57.6! எஞ்சினின் 265-ஐப் பெருக்க, 15,200-க்கு மேல் வருகிறது. அந்தப் பழைய அச்சு எதற்காகச் செய்யப்பட்டதோ அதைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல்.

இந்த விசையைத் தாங்க வேண்டியது எது? சக்கரத்துக்கும் டிபரென்ஷியலுக்கும் நடுவே கிடக்கும் ஆப் ஷாப்ட்தான். சீரீஸ் வண்டியின் ரோவர் வகைப் பின் அச்சில் அந்த ஷாப்டின் முனையில் பத்துப் பற்கள். அது உடைவது பழைய வண்டிக்காரர்கள் அனைவரும் அறிந்த சங்கதி. வெறும் வண்டியாக இருந்தால் டயர் வழுக்கிவிடும். மிகுதி விசை மண்ணிலேயே தீர்ந்துபோகும். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியில் டயர் வழுக்காது. விசை முழுவதையும் ஷாப்ட் தாங்கியாக வேண்டும். ஆகவே ஷாப்ட் உடைவது பட்டறைக்கு வெளியே வெள்ளோட்டம் பார்க்கும்போது அல்ல. பாரத்தோடு நடு ஏற்றத்தில் நிற்கும்போதுதான்.

இங்கே நேயர்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. லோ விகிதம் பெரிதாக இருப்பது எப்போதும் நன்மை என்று எண்ணக்கூடாது. அது எவ்வளவு விசையைத் தருகிறது என்று கேட்பதற்கு முன், அந்த விசையை வாங்கிக்கொள்ளப் பின்னால் இருப்பவை எவை என்று கேட்க வேண்டும். வடக்கயிற்றின் வலு அதன் மெலிந்த புரியில்தான் இருக்கிறது.

எல்.டி. 230 பெட்டியைப் போட விரும்புகிறவர்கள் அச்சுகளையும் 3.54 ஆக்கிவிட்டால், லோ நிலையில் மொத்தம் 43.4 ஆகிவிடுகிறது. இறக்கத்தில் வேகம் மணிக்கு 5.2 கிலோ மீட்டர். பழைய வண்டியைப்போலவே பிடிமானம். விசை சுமார் 11,500. இதற்கும் வலுவான ஷாப்டுகள் தேவைதான் என்றாலும், கட்டுக்குள் நிற்கும் எண் இது. சீரீஸ் 3 காலத்து 109 அங்குல வண்டிகளின் பின்னால் வந்த சாலிஸ்பரி அச்சு மிக உறுதியானது. அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அதற்குள் ரேஞ்ச் ரோவர் டிபரென்ஷியலைப் போட முடியாது. 3.54 வேண்டுமென்றால், பிற்கால வண்டியின் முழு அச்சையே தேட வேண்டியிருக்கும்.

எல்.டி. 230 எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஹை விகிதம் 1.003, 1.222, 1.410, 1.667 என்று பலவாறாக உள்ளது. லோ மட்டும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ 3.32. அச்சை 3.54 ஆக்கியவர் 1.222 பெட்டியைப் போட்டால், ஐந்தாவது கியரில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,780 சுற்றுக்கு இறங்கிவிடும். சிறிய மேடு வந்தாலும் கியரை இறக்க வேண்டும். அவருக்கு 1.410 பெட்டியே ஏற்றது. அதில் 2,050 சுற்று வரும்.

பக்கமும் நீளமும்

கணக்குச் சரியாக வந்தாலும் பெட்டி வண்டியில் உட்கார வேண்டுமே! லேண்ட் ரோவரில் முன் டிபரென்ஷியல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸின் முன் வாயும் அதே பக்கம் இருந்தால்தான் புரொப்பல்லர் ஷாப்ட் நேராக ஓடும். எல்.டி. 230 பெட்டிக்கு வலப்பக்கம், ஆகவே தொல்லையில்லை. வேறு நிறுவனத்தின் பெட்டியைத் தேடுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஜீப்பின் சி.ஜே. வகைகளில் 1986 வரை முன் வாய் வலப்பக்கம் இருந்தது. 1987இல் வந்த ராங்க்லர் வகையில் இடப்பக்கம் போய்விட்டது. ஒன்றின் பெட்டியை மற்றொன்றின் அச்சோடு இணைக்க முடியாது.

அடுத்தது நீளம். ஐந்து கியர் பாக்ஸும் எல்.டி. 230-உம் சேர்ந்து, பழைய பெட்டியைவிட நீளமானவை. 109 அங்குல வண்டியில் அதற்கு இடமுண்டு. 88 அங்குல வண்டியில் பின் புரொப்பல்லர் ஷாப்ட் குட்டையாகிவிடும். ஷாப்ட் குட்டையானால் அதன் சாய்வுக் கோணம் கூடும். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் மூட்டுகள் வருந்தும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் வெட்டி இடம் மாற்ற வேண்டியிருக்கும். சேசியில் வெட்டுவதும் ஒட்டுவதும் நல்ல வெல்டரின் வேலை. கைக்கு வந்தபடி செய்கிற வேலையல்ல.

கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியே நிற்கும் டிரான்ஸ்பர் கேஸும் உண்டு. சுசுகி எஸ்.ஜே. 410 ஜிப்பில் இருப்பது அந்த வகை. கியர் பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டை ஷாப்ட் ஓடும். எந்தக் கியர் பாக்ஸை மாற்றினாலும் பெட்டியை அப்படியே விட்டுவிடலாம் என்பது இதன் வசதி. ஆனால் அந்தக் குட்டை ஷாப்டுக்கும் இடம் வேண்டும். சின்ன வண்டியின் பெட்டி பெரிய எஞ்சினைத் தாங்குமா என்ற கேள்வியும் எழும். இடம் தாராளமாக உள்ள நீண்ட வண்டிக்கே இது தோது.

எப்போதும் நான்கு சக்கரமா, வேண்டும்போது மட்டுமா?

சீரீஸ் 3 பெட்டியில், சாதாரண ஓட்டத்தில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். மஞ்சள் குமிழை அமுக்கினால் ஹை நிலையில் முன் அச்சும் சேரும். சிவப்புக் குமிழ் உள்ள கோலை இழுத்து லோ நிலைக்குப் போனால், முன் அச்சு தானாகவே சேர்ந்துகொள்ளும். இப்படிச் சேர்ந்திருக்கும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், காய்ந்த தார்ச்சாலையில் உள்ளே இறுக்கம் ஏறும். சேற்றில் டயர் வழுக்கி அந்த இறுக்கம் தீர்ந்துவிடும், தாரில் தீராது. அதனால்தான் தாரில் முன் அச்சைச் சேர்க்கக்கூடாது என்கிறோம்.

எல்.டி. 230 எப்போதும் நான்கு சக்கரங்களையும் இழுப்பது. அதன் நடுவே ஒரு டிபரென்ஷியல் இருப்பதால் வளைவில் இறுக்கம் வராது. வழுக்கும் இடத்தில் அந்த நடு டிபரென்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். மழைச்சாலைக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சீரீஸ் வண்டியின் முன் சக்கர மூட்டுகள் சாதாரண யூனிவர்சல் மூட்டுகள். அவை வளைந்து சுற்றும்போது வேகம் சீராக இராது. எப்போதும் இழுக்க வைத்தால், கூர்மையான திருப்பத்தில் ஸ்டியரிங் உதறும். மூட்டுகளும் சீக்கிரம் தேயும். 1979இல் அதே உடம்பில் வி-8 எஞ்சினையும் நிரந்தர நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டு விற்றபோது, லேண்ட் ரோவர் நிறுவனமே முன் அச்சுக்குச் சீர்வேக மூட்டுகளைக் கொடுத்தது. செய்தவர்களே மாற்றியதை நாம் மாற்றாமல் விடுவது முறையல்ல. ஒன்று முன் அச்சையும் மாற்ற வேண்டும், அல்லது எல்.டி. 230 பெட்டியை, வேண்டும்போது மட்டும் முன் அச்சைச் சேர்க்கும்படி மாற்றியமைக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை மறக்க வேண்டாம்

இப்போது முன்பு சொல்லிவைத்த விஷயத்துக்கு வருவோம். ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. அது பின் புரொப்பல்லர் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடி டிபரென்ஷியல் வழியாகவும் ஆப் ஷாப்ட் வழியாகவும் சென்றுதான் சக்கரத்தை எட்ட வேண்டும்.

பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் நிற்கிறது. முன் அச்சு சேர்க்கப்படவில்லை. கிளட்சை விடும்போது பின் ஆப் ஷாப்ட் ஒன்று உடைகிறது. உடனே இழுவை போய்விடுகிறது. டிபரென்ஷியலின் இயல்பால் மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை போகாது. ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார், அதுவும் பிடிக்காது. ஏனென்றால் அது பிடிப்பது உடைந்த ஷாப்டைத்தான். கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. மிஞ்சியிருப்பது கால் பிரேக் ஒன்றே. காலை எடுத்துவிட்டு இறங்கிக் கல் வைக்கவும் முடியாது. வண்டியில் இன்னொருவர் இருந்தால் அவர்தான் இறங்கிக் கல் வைக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கில் 15,200 என்ற எண் வந்தபோது நாம் ஏன் தயங்கினோம் என்பது இப்போது புரிந்திருக்கும். ஒரு ஷாப்டின் விலையோடு அது முடிந்துபோவதில்லை.

முன் அச்சு சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது ஹேண்ட் பிரேக்கின் பிடி முன் சக்கரங்களுக்கும் போகும். ஆகவே ஏற்றத்தில் நிற்க வேண்டுமானால், சீரீஸ் பெட்டியில் லோ நிலையில் வையுங்கள். எல்.டி. 230-இல் நடு டிபரென்ஷியலைப் பூட்டுங்கள். இரண்டிலும் டிரான்ஸ்பர் கோலை நியூட்ரலில் விடாதீர்கள். அப்படி விட்டால், கியர் பாக்ஸில் எந்தக் கியர் இருந்தாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். தூக்கிய சக்கரம் சுற்ற, தரையிலுள்ள சக்கரமும் உருண்டுவிடும். எந்தப் பெட்டியானாலும் கல்லோ கட்டையோ வைத்தபிறகே வண்டிக்கடியில் போக வேண்டும்.

வேறு நிறுவனத்தின் பெட்டியைப் போடுகிறவர்கள் அதில் ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சக்கரத்தில் பிடிக்கும் வேறு ஹேண்ட் பிரேக் செய்தாக வேண்டும். அதற்கு வழி தெரியும்வரை பெட்டியை வாங்க வேண்டாம்.

வேகமானியையும் கவனிக்க வேண்டும். சீரீஸ் வண்டியில் அதன் கம்பி டிரான்ஸ்பர் கேஸின் வெளி ஷாப்டிலிருந்து வருகிறது. அச்சை 4.7-லிருந்து 3.54 ஆக்கினால், முள் 60 என்று காட்டும்போது வண்டி 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முள்ளைச் சரிசெய்யாமல் சாலைக்கு வருவது தவறு.

பழைய பெட்டியை வாங்கும்போது

எல்.டி. 230 பெட்டி எந்த விகிதம் என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் நடு டிபரென்ஷியலைப் பூட்டுங்கள். பெட்டியை ஹை நிலையில் வையுங்கள். கியர் பாக்ஸோடு சேர்ந்திருந்தால் நான்காவது கியரில் போடுங்கள். உள்ளே வரும் ஷாப்டிலும் வெளியே போகும் விளிம்பிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, உள் ஷாப்டைப் பத்துமுறை சுற்றுங்கள். வெளிவிளிம்பு ஏறத்தாழ பத்துச் சுற்றுச் சுற்றினால் விகிதம் 1.003. எட்டுக்குச் சற்று மேல் என்றால் 1.222. ஏழுக்குச் சற்று மேல் என்றால் 1.410. ஆறு என்றால் 1.667. ஐந்து நிமிட வேலை. தவறான பெட்டியை ஏற்றிவிட்டு மறுபடி இறக்கும் வேலையை அது மிச்சப்படுத்தும்.

எண்ணெயை வடித்து, அதில் உலோகத்தூள் மின்னுகிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸின் பிரதான ஷாப்ட் எல்.டி. 230-இன் உள்ளீட்டுப் பற்சக்கரத்தில் நுழையும் இடத்திலுள்ள பற்கள், எண்ணெய் சரியாகப் போகாமல் தேய்வது வழக்கமான குறை. பிற்காலத்தில் எண்ணெய் போக அந்தச் சக்கரத்தில் துளை வைத்தார்கள். தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் தேயும்.

எஞ்சினை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெறுவதும் பரிசோதனைக்கு வண்டியைக் காட்டுவதும் கட்டாயம் என்பதை நேயர்கள் அறிவார்கள். வேலை முடிந்த பிறகு அலைவதைவிட, தொடங்குவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்கு எது?

பழைய எஞ்சினையே புதுப்பித்து ஓட்டுகிறவர்களும், அதற்கு ஒத்த வலுவுள்ள எஞ்சினைப் போடுகிறவர்களும், பழைய பெட்டியையும் பழைய அச்சுகளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தார்ச்சாலை ஓட்டம் அதிகமென்றால் ஓவர்டிரைவ் சேர்க்கலாம். 4.7 அச்சும் 2.35 லோவும் இறக்கத்தில் உங்களைப் பிடித்து வைத்திருக்கும்.

88 அங்குல வண்டியில் 200 டி.டி.ஐ. எஞ்சினைப் போட்டு, பெரும்பாலும் தார்ச்சாலையில் குறைந்த பாரத்தோடு ஓடுகிறவர்களுக்குப் பழைய பெட்டியும் 3.54 அச்சுகளும் போதும். ஆனால் அந்தப் பழைய கியர் பாக்ஸ் 70 குதிரைத் திறனுக்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடாமல், காலை மெதுவாக வைத்து ஓட்ட வேண்டும்.

109 அங்குல வண்டியில் பாரம் ஏற்றி மலைச்சரிவில் உழைக்கிறவர்களுக்கு எல்.டி. 230 பெட்டியே நல்லது. ஆனால் அதைத் தனியாக வாங்காதீர்கள். 3.54 அச்சுகள், வலுவான பின் ஷாப்டுகள், முன்னால் சீர்வேக மூட்டுகள் ஆகியவற்றோடு சேர்த்தே வாங்க வேண்டும். அவ்வளவுக்குப் பணம் இல்லையென்றால் காத்திருந்து செய்யலாம். பாதி வேலை செய்த வண்டியில் பாரம் ஏற்றுவதைவிடப் பழைய எஞ்சினோடு மெதுவாகப் போவது மேல்.

வண்டி எதுவானாலும் முறை ஒன்றே. லேண்ட் ரோவருக்குப் பதில் ஜீப்பாகவோ டொயோட்டாவாகவோ இருந்தாலும் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். ஹை நிலையில் மொத்த விகிதம் என்ன? லோ நிலையில் என்ன? அந்த விசையைத் தாங்கும் மெலிந்த உறுப்பு எது? பெட்டியின் வாய் எந்தப் பக்கம்? ஹேண்ட் பிரேக் எங்கே பிடிக்கிறது? இந்த ஐந்துக்கும் விடை எழுதிய பிறகு கடைக்குப் போங்கள். விடை எழுத முடியாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.